மோட்டார் ஓடுது, தண்ணி வரல: தூக்குவதற்கு முன் மேலே நின்றே பார்க்க வேண்டியவை

சேலம் பக்கம் பம்பு என்ற சொல் கடை போர்டில்தான் இருக்கும். சம்ப்பிலிருந்து மாடித் தொட்டிக்கு ஏற்றுவதும் மோட்டார், எண்ணூறு அடி போருக்குள் தொங்குவதும் மோட்டார், கொட்டகையில் தடதடக்கிற கம்ப்ரசரும் மோட்டார்தான். அதனால் "மோட்டார் போயிடுச்சு" என்று யாராவது சொன்னால் முதல் கேள்வி, எந்த மோட்டார்? ஒரே கோளாறுக்கு வகைக்கு வகை காரணம் மாறும்.

தரையில் நின்று தண்ணீரை உறிஞ்சுவது மோனோபிளாக். அதிலிருந்து இரண்டு குழாய் போருக்குள் இறங்கினால் அது ஜெட். மோட்டாரே தண்ணீருக்குள் இருந்து மேலே தள்ளினால் சப்மெர்சிபிள். உள்ளே ஓடும் பாகம் எதுவுமில்லாமல் காற்றை விட்டுத் தண்ணீரைத் தூக்குவது கம்ப்ரசர். ஏற்காடு மேலே எஸ்டேட்டில் என்றால் டீசல் இன்ஜின் செட்டும் சேரும்.

கையில் ஒரு மல்டிமீட்டர், ஒரு டாங் டெஸ்டர் (ஒயரைக் கவ்வி ஆம்பியர் காட்டும் கருவி), 20 லிட்டர் பக்கெட், கடிகாரம் இருந்தால் கீழே சொல்வதில் முக்கால்வாசியைச் செய்துவிடலாம். ஒயரைத் தொடும் வேலை எதுவானாலும் மெயினை அணைத்த பிறகுதான். கண்டென்சர் மெயினை அணைத்த பிறகும் கரண்டைப் பிடித்து வைத்திருக்கும். தொடுவதற்கு முன் ஒரு குண்டு பல்பை அதன் இரு முனையிலும் வைத்து இறக்கிவிடுங்கள்.

ஸ்விட்ச் போட்டால் சத்தமே இல்லை

வீட்டு மோட்டார் என்றால் ஃபியூஸ், எம்.சி.பி., பிளக் டாப் மூன்றையும் பாருங்கள். பிளக்கின் பின் கருகியிருந்தால் சாக்கெட்டையும் சேர்த்து மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் அதே மாதத்தில் மறுபடி கருகும்.

மும்முனை மோட்டாரில் டெஸ்டரை நம்பாதீர்கள். மூன்று ஃபேஸிலும் விளக்கு எரியும், ஆனால் ஒன்று செத்திருக்கும். மோட்டார் சுருள் வழியாகவோ பக்கத்துத் தோட்டத்து மோட்டார் வழியாகவோ திரும்பி வரும் கரண்ட் டெஸ்டரை எரிய வைத்துவிடும். மீட்டரை வைத்து சிவப்பு–மஞ்சள், மஞ்சள்–நீலம், நீலம்–சிவப்பு என்று ஜோடி ஜோடியாக அளக்க வேண்டும். மூன்றும் 400 வோல்ட்டை ஒட்டி இருந்தால் சரி. ஒரு ஜோடி மட்டும் சரியாக இருந்து மற்ற இரண்டும் குறைந்தால், அந்த இரண்டுக்கும் பொதுவான ஃபேஸ்தான் போயிருக்கிறது. டிரான்ஸ்பார்மரில் ஃபியூஸ் போனால் அது ஈ.பி. ஆளின் வேலை. கொம்பால் தட்டிவிடுகிற பழக்கம் உயிரை எடுக்கும்.

மூன்று ஃபேஸும் சரி, ஸ்டார்ட்டர் மட்டும் பிடிக்கவில்லையா? ரிலே (ஆம்பியர் கூடினால் மோட்டாரை நிறுத்தும் பாகம்) ட்ரிப் ஆகி ரீசெட் ஆகாமல் நிற்கலாம், அல்லது ஸ்டார்ட்டரைப் பிடித்து வைக்கும் நோ வோல்ட் காயில் அறுந்திருக்கலாம். காயில் விலை குறைவு, கழற்றி மாட்டுவதும் எளிது. புதுக் காயில் வாங்கும்போது பழையதில் எழுதியிருக்கும் வோல்ட்டைப் பார்த்து வாங்குங்கள். 230-க்கும் 415-க்கும் பார்வைக்கு வித்தியாசம் தெரியாது.

முனகுகிறது, சுற்றவில்லை

உடனே அணையுங்கள். இந்த நிலையில் ஒரு நிமிடம் விட்டால் மோட்டாரின் காயில் (உள்ளே சுற்றிய கம்பிச் சுருள்) கருகும் வாசனை வந்துவிடும்.

சிங்கிள் ஃபேஸ் மோனோபிளாக் என்றால் மெயினை அணைத்துவிட்டு, பின்பக்கம் விசிறி மூடியைத் திறந்து ஷாஃப்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். இங்கே வழி இரண்டாகப் பிரியும்.

*லேசாகச் சுற்றுகிறது:* கண்டென்சர்தான் முதல் சந்தேகம். மேல் மூடி உப்பியிருந்தாலோ அடியில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலோ சோதனையே வேண்டாம், மாற்றிவிடலாம். பார்வைக்கு நன்றாக இருந்தாலும் மீட்டரில் மைக்ரோஃபாரட் அளவு எழுதியிருப்பதைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் குறைந்தால் அது போன மாதிரிதான். புதியது அதே எம்.எஃப்.டி. (மைக்ரோஃபாரட்), அதே வோல்ட் அல்லது அதற்கு மேலான வோல்ட்டில் இருக்க வேண்டும். "கொஞ்சம் பெருசா போட்டா நல்லா இழுக்கும்" என்று கடையில் சொன்னால் கேட்காதீர்கள், காயில் சூடாகும்.

*அசையவே இல்லை:* பல வாரம் ஓட்டாமல் விட்ட மோட்டாரில் இம்பெல்லருக்கும் (தண்ணீரைத் தள்ளும் சக்கரம்) உடலுக்கும் நடுவே துரு பிடித்துக்கொள்ளும். ஷாஃப்ட்டின் பின்முனையில் ஸ்க்ரூ டிரைவர் வைக்க ஒரு வெட்டு இருக்கும். அதில் வைத்து இரண்டு பக்கமும் மெதுவாக அசைத்தால் 'கடக்' என்று விடுபடும். சுத்தியலால் தட்டாதீர்கள். விடுபடவில்லை, அல்லது விட்டபின்னும் கரகரவென்று சுற்றுகிறது என்றால் பேரிங் போயிருக்கிறது. கழற்ற ஆள் வேண்டும்.

போர் சப்மெர்சிபிளில் ஷாஃப்டைத் தொட முடியாது. ஆனால் சிங்கிள் ஃபேஸ் என்றால் கண்டென்சர்கள் மேலே பேனல் பெட்டிக்குள்தான் இருக்கும்: ஸ்டார்ட்டுக்கு ஒன்று, ஓட்டத்துக்கு ஒன்று. இரண்டையும் மாற்றிப் பார்க்காமல் மோட்டாரைத் தூக்கச் சொல்வது வீண் செலவு.

ஓடுகிறது, தண்ணீர் வரவில்லை

அதிகம் வரும் புகார் இதுதான். வகை பிரித்துப் பார்ப்போம்.

*மோனோபிளாக்*

மேல் மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றி நிரப்புங்கள். நிரம்பியதும் ஐந்து நிமிடம் சும்மா பார்த்துக்கொண்டிருங்கள். மட்டம் அப்படியே நின்றால் ஃபுட் வால்வு (உறிஞ்சும் குழாயின் அடிமுனையில் தண்ணீரைத் திரும்ப இறங்க விடாத வால்வு) நல்லது. கண்ணெதிரே மெல்ல இறங்கினால் வால்வில் கல்லோ வேரோ சிக்கியிருக்கிறது, அல்லது வாஷர் தேய்ந்திருக்கிறது. சில சமயம் இரண்டு பக்கெட் தண்ணீரை வேகமாக ஊற்றினாலே கல் விலகிவிடும். இல்லையென்றால் குழாயைத் தூக்கி வாஷர் மாற்ற வேண்டும்.

வால்வு பிடிக்கிறது, ஓட்டினால் மட்டும் தண்ணீர் வரவில்லை என்றால் சக்ஷன் பக்கம், அதாவது உறிஞ்சும் குழாய்ப் பக்கம், காற்று இழுக்கிறது. மோட்டாருக்கு முன்னால் இருக்கும் யூனியன், பெண்டு, த்ரெட் ஒவ்வொன்றின் மேலும் ஓட்டத்தில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே வாருங்கள். எந்த இடத்தில் ஊற்றும்போது சத்தம் மாறுகிறதோ, தண்ணீர் ஒரு நொடி தள்ளுகிறதோ, அங்கேதான் ஓட்டை. சக்ஷன் பக்கத்து ஓட்டை வெளியே ஒழுகாது, உள்ளே காற்றை மட்டும் இழுக்கும். அதனால்தான் கண்ணுக்குத் தெரியாமல் ஆட்களை நாள் முழுக்க அலைய வைக்கிறது.

இன்னும் இரண்டு: ஃபுட் வால்வு தண்ணீருக்குள் ஓர் அடியாவது முங்கியிருக்க வேண்டும், சம்ப்பின் தரையிலிருந்து ஓர் அடி உயர்ந்திருக்க வேண்டும். சக்ஷன் குழாய் மோட்டாரை நோக்கி மேடாகவே போக வேண்டும். நடுவில் ஒரு முதுகு எழும்பி இறங்கினால் காற்று அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும்.

ஏற்காட்டில் ஒரு கூடுதல் கணக்கு உண்டு. காற்றழுத்தம் தள்ளுவதால்தான் சக்ஷனில் தண்ணீர் ஏறுகிறது. சேலம் நகரத்தின் உயரத்தில் அந்த அழுத்தம் ஏறக்குறைய 10 மீட்டர் தண்ணீருக்குச் சமம். 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காட்டில் எட்டரை மீட்டர் சொச்சம்தான். இதில் வால்வு, குழாய் உராய்வு எல்லாம் கழியும். ஆகவே கீழே 20 அடி ஆழத்திலிருந்து சிரமமில்லாமல் இழுத்த அதே மோட்டார், இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி மேலே போனதும் காற்று பிடிக்கும். மோட்டாரைக் குறை சொல்வதில் பயனில்லை. தண்ணீர் மட்டத்திலிருந்து 15 அடிக்குள் இறக்கி வையுங்கள், அல்லது கிணற்றுத் தண்ணீருக்குள்ளேயே வைக்கும் ஓப்பன்வெல் சப்மெர்சிபிளுக்கு மாறுங்கள்.

*ஜெட்*

மேலே சொன்னதோடு, போருக்குள் இருக்கும் ஜெட்டின் மூக்கு (நாசில்) அடைப்பும் சேரும். டெலிவரி வால்வை முக்கால்வாசி மூடி, கேஜில் பிரஷர் ஏறிய பிறகு மெல்லத் திறந்து பாருங்கள். முழுதாகத் திறந்து வைத்துக்கொண்டு ஸ்டார்ட் செய்தால் நல்ல ஜெட்டும் இழுக்காது.

*போர் சப்மெர்சிபிள்*

இங்கே டாங் டெஸ்டர்தான் கண். மோட்டார் பிளேட்டில் எழுதிய ஆம்பியரோடு ஒப்பிடுங்கள்.

ஆம்பியர் சுத்தமாக இல்லை: பேனல், அல்லது கேபிள் அறுந்திருக்கிறது.

பிளேட் அளவை ஒட்டியோ சற்றுக் கூடவோ இருக்கிறது, தண்ணீர் மட்டும் வரவில்லை: குழாய் உள்ளே கழன்றோ ஓட்டை விழுந்தோ தண்ணீர் போருக்குள்ளேயே சுற்றுகிறது. போர் வாயில் காதை வைத்தால் அருவி மாதிரி சத்தம் கேட்கும்.

பாதியை ஒட்டியோ அதற்கும் கீழேயோ இருக்கிறது: தண்ணீர் இல்லாமல் ஓடுகிறது, அல்லது மோட்டாருக்கும் பம்புக்கும் நடுவே கப்ளிங் உடைந்திருக்கிறது. இரண்டையும் பிரிக்க ஓர் இரவு நிறுத்தி வையுங்கள். காலையில் போட்டதும் முழு ஆம்பியர் எடுத்து, சில நிமிடம் தண்ணீர் தள்ளி, பிறகு ஆம்பியர் இறங்கினால் போரில் தண்ணீர் வற்றுகிறது. முதல் நொடியிலிருந்தே குறைந்த ஆம்பியர் என்றால் பெரும்பாலும் கப்ளிங்தான், தூக்கித்தான் ஆக வேண்டும்.

வற்றும் போருக்கு மோட்டாரை இறக்குவது ஒரு தீர்வு, வால்வை அடக்கி ஓட்டுவது இன்னொன்று. சேலத்துப் பாறையில் தண்ணீர் வெடிப்புகள் வழியாக வந்து சேர்கிறது. ஊறுவது மெதுவாக இருந்தால் பெரிய எச்.பி. போட்டால் சீக்கிரம் வற்றுமே தவிர அதிகம் வராது. வால்வை அடக்கி ஓட்டுவதைச் செலவில்லாமல் முதலில் செய்து பார்க்கலாம். கூடவே, தண்ணீர் இல்லாமல் ஓடினால் மோட்டாரை நிறுத்தும் ட்ரை ரன் ரிலே ஒன்று போட்டுவிடுங்கள். சப்மெர்சிபிள் மோட்டார் சூடு ஆறுவதே சுற்றி ஓடும் தண்ணீரால்தான்.

*கம்ப்ரசர்*

காற்றுக் குழாய் எத்தனை அடி இறங்கியிருக்கிறது என்று தெரிந்தால், கம்ப்ரசரே தண்ணீர் மட்டத்தைச் சொல்லிவிடும். நிறுத்தி ஊறவிட்ட போரில் ஸ்டார்ட் செய்து, தண்ணீர் வரும் முன் கேஜ் முள் ஏறி நிற்கும் இடத்தைப் பாருங்கள். ஒரு கிலோ பிரஷர் என்பது ஏறக்குறைய 33 அடித் தண்ணீர். 400 அடிக் குழாயில் முள் 6 கிலோவைத் தொட்டால் குழாய் முனைக்கு மேலே 200 அடிக்குத் தண்ணீர் நிற்கிறது. அதாவது பாதி முங்கியிருக்கிறது, நன்றாக ஏறும். முள் 3-ஐக்கூடத் தாண்டாமல் வெறும் காற்றும் சாரலும் வந்தால் மட்டம் இறங்கிவிட்டது, அல்லது காற்றுக் குழாய் நடுவழியில் கிழிந்திருக்கிறது. போன மாதம் எவ்வளவு காட்டியது என்று சுவரில் எழுதி வைக்கும் பழக்கம் இருந்தால் இந்தக் குழப்பமே வராது.

முள் ஏறிக்கொண்டே போய் சேஃப்டி வால்வு ஊதினால் குழாய் முனையைச் சேறு அடைத்திருக்கிறது. சேஃப்டி வால்வைக் கட்டிப் போடாதீர்கள், டேங்க் வெடிக்கும். டேங்க் நிரம்பவே நேரமாகிறது என்றால் பெல்ட், ஏர் ஃபில்டர், ஹெட் வால்வு, கடைசியாக ரிங் என்று அந்த வரிசையில் பாருங்கள்.

தண்ணீர் வருகிறது, முன்புபோல இல்லை

"குறைஞ்சிடுச்சு" என்பதை முதலில் எண்ணாக்குங்கள். 20 லிட்டர் பக்கெட் நிரம்ப எத்தனை நொடி? 30 நொடி என்றால் நிமிடத்துக்கு 40 லிட்டர்.

லைனில் வேலை நடந்து கரண்ட் திரும்பி வந்த அன்றே குறைந்ததா? மும்முனை மோட்டார் தலைகீழாகச் சுற்றுகிறது. திரும்பிச் சுற்றினாலும் இந்த வகைப் பம்பு கொஞ்சம் தண்ணீர் தள்ளும், அதனால் பலர் வாரக்கணக்கில் கவனிக்காமல் விடுகிறார்கள். ஸ்டார்ட்டரில் இரண்டு ஃபேஸை மாற்றிப் போட்டுப் பாருங்கள். எந்தப் பக்கம் அதிகம் தள்ளுகிறதோ அதுவே சரி.

சில மாதங்களாக மெல்லக் குறைந்தால் அடைப்பும் தேய்மானமும். உப்புத் தண்ணீர் ஓடும் போர்களில் ஃபுட் வால்வு சல்லடையிலும் இம்பெல்லர் வாயிலும் வெள்ளைப் படலம் கல்லாகப் படியும். இரண்டு அங்குலக் குழாயை வெட்டிப் பார்த்தால் விரல் நுழையத்தான் இடம் இருக்கும். மரக்குச்சியாலோ பிளாஸ்டிக் தகடாலோ சுரண்டுங்கள். காஸ்ட் அயர்ன் இம்பெல்லரை ஆசிட்டில் ஊறப் போடாதீர்கள், உப்போடு இரும்பையும் தின்றுவிடும்.

போர் மோட்டாரில் குழாய் ஒழுகுகிறதா என்று பார்க்க ஒரு சுலபமான வழி. நன்றாக ஓடவிட்டு நிறுத்துங்கள். பத்து நிமிடம் கழித்துப் போடுங்கள். உடனே தண்ணீர் வந்தால் குழாய் தாங்கி நிற்கிறது. ஒன்றேகால் அங்குலக் குழாய் 100 அடிக்கு ஏறக்குறைய 30 லிட்டர் பிடிக்கும். 300 அடியில் தண்ணீர் நிற்கும் போரில் குழாய் காலியானால் 90 லிட்டரை நிரப்பிய பிறகே மேலே வரும், அதாவது நிமிடத்துக்கு 40 லிட்டர் மோட்டாருக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல். அத்தனை நேரம் எடுத்தால் என்.ஆர்.வி. (தண்ணீரைத் திரும்ப இறங்க விடாத வால்வு) பிடிக்கவில்லை அல்லது குழாயில் ஓட்டை.

கேபிளும் தண்ணீரைக் குறைக்கும். 800 அடிக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் காப்பர் கேபிளில் 10 ஆம்பியர் ஓடினால் ஏறக்குறைய 27 வோல்ட் வழியிலேயே போய்விடும். 4 சதுர மில்லிமீட்டரில் 17. ஈ.பி. தருவதே 370 என்றால் மோட்டாருக்குப் போய்ச் சேர்வது 343. கேபிள் வாங்கும்போது மிச்சம் பிடித்த காசு, எரிந்த மோட்டாருக்குப் புதிதாகக் காயில் கட்டுவதில் போகும்.

எஸ்டேட்டில் காபி பூ எடுக்கப் பிப்ரவரி–மார்ச்சில் ஸ்பிரிங்க்ளர் போடும்போது "இன்ஜின் இழுக்கல" என்ற புகார் வரும். அதில் பாதி, மலை உயரத்தின் வேலை. ஏற்காட்டு உயரத்தில் சாதாரண டீசல் இன்ஜின் பத்து முதல் பதினைந்து சதவீதம் சக்தி இழக்கும். கருப்புப் புகை வந்தால் முதலில் ஏர் ஃபில்டரைச் சுத்தம் செய்யுங்கள், இன்ஜினின் டீசல் பம்பில் டீசலைக் கூட்டாதீர்கள். பிறகு ஏற்றத்தைக் கணக்கிடுங்கள்: குட்டையிலிருந்து ஒவ்வொரு 10 மீட்டர் ஏற்றத்துக்கும் ஒரு கிலோ பிரஷர் போகும். மேல் வரிசையில் ஸ்பிரிங்க்ளர் தலைக்கு இரண்டு கிலோவாவது மிஞ்சாவிட்டால் சுற்றாது, சொட்டும். அப்போது தலைகளின் எண்ணிக்கையைக் குறைத்து முறை வைத்துப் பாய்ச்சுவதே வழி.

ஓடிக்கொண்டே இருந்து ட்ரிப் ஆகிறது

ரிலேவின் திருகைக் கூட்டி வைப்பதுதான் பலரும் செய்யும் முதல் வேலை, மோட்டார் எரிய முதல் காரணமும் அதுவே. ரிலே பிளேட் ஆம்பியரில் இருக்க வேண்டும். ஸ்டார்–டெல்டா ஸ்டார்ட்டரில் ரிலே மோட்டார் சுருளோடு சேர்ந்து இருந்தால் பிளேட் அளவை 0.58-ஆல் பெருக்கி வையுங்கள்.

பிறகு மூன்று ஃபேஸிலும் ஓட்டத்தில் ஆம்பியர் எடுத்து எழுதுங்கள். உதாரணம்: 10.2, 9.0, 9.3. சராசரி 9.5, அதிகமாக விலகியது 0.7, அதாவது ஏழு சதவீதத்துக்கு மேல். ஐந்துக்கு மேல் போனால் காரணம் தேட வேண்டும். மெயினை அணைத்து, மோட்டாருக்குப் போகும் மூன்று ஒயரையும் ஒரே திசையில் ஓர் இடம் தள்ளி மாட்டுங்கள், சுழலும் திசை மாறாது. மறுபடி அளவெடுங்கள். அதிக ஆம்பியர் அதே ஈ.பி. ஃபேஸிலேயே நின்றால் கோளாறு லைனில். ஒயரோடு சேர்ந்து நகர்ந்தால் கோளாறு கேபிளிலோ மோட்டாரிலோ. இந்த ஒரு சோதனைக்குப் பதினைந்து நிமிடம். இதைச் செய்யாமல் நல்ல மோட்டாரைத் தூக்கிக் காயில் கட்டியவர்கள் ஏராளம்.

இரண்டு ஃபேஸ் மட்டும் வரும் நேரத்தில் கண்டென்சர் போட்டு மும்முனை மோட்டாரை ஓட்டுவது விதிக்கும் புறம்பு, மோட்டாருக்கும் கேடு. அப்படி ஓடிய மோட்டார் ட்ரிப் ஆகிறது என்றால் வேறெங்கும் தேட வேண்டாம்.

போட்ட மாத்திரத்தில் ட்ரிப் ஆனால் மெகர் (ஒயரின் காப்பு நன்றாக இருக்கிறதா என்று அளக்கும் கருவி) வைக்க வேண்டும். முதலில் போர் வாயில் கேபிளைப் பிரித்து, பேனலிலிருந்து போர் வரை மண்ணுக்குள் வரும் கேபிளைத் தனியாகப் பாருங்கள். எலி கடித்த கேபிளுக்காக 800 அடியைத் தூக்கிய கதை சேலத்தில் புதிதல்ல. போர்ப் பக்கம் 500 வோல்ட் மெகரில் ஒரு மெகாஓமுக்கு மேல் இருந்தால் ஓட்டலாம். அரைக்குக் கீழே என்றால் தூக்க ஆள் கூப்பிடுங்கள். மேலே வந்ததும் தண்ணீருக்குள் இருந்த கேபிள் ஜாயிண்டை வெட்டிவிட்டு மோட்டாரைத் தனியாக மெகர் செய்யச் சொல்லுங்கள். ஜாயிண்ட் மட்டும் போயிருந்தால் காயில் கட்ட வேண்டியதில்லை.

சத்தம், ஒழுக்கு

ஜல்லி உருளும் சத்தம் வந்தால் சக்ஷன் அடைப்பு. கீச்சென்ற சத்தம் பேரிங். ஷாஃப்டைச் சுற்றிப் பழைய வகை கிளாண்ட் கயிறு (ஒழுக்கைத் தடுக்கும் கயிறு) போட்ட பம்பில் நிமிடத்துக்கு இருபது முப்பது சொட்டு விழுவது கோளாறல்ல, விழத்தான் வேண்டும். சொட்டே இல்லாமல் இறுக்கினால் ஷாஃப்ட் தேயும். வாட்டர் சீல் வகையில் ஒரு சொட்டும் கூடாது. சீல் மாற்றும்போது கார்பன் முகத்தை விரலால் தொடாதீர்கள், விரல் பிசுக்கே ஒழுக்குக்குப் போதும்.

குழாயைத் தொட்டால் ஷாக்

இதில் சோதனை வரிசை கிடையாது. மெயினை அணையுங்கள், எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். எர்த் ஒயர் அறுந்து, காயிலோ கேபிளோ உடலில் பட்டிருக்கிறது. 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் ஸ்விட்ச்) இல்லாத வீட்டு மோட்டாருக்கு அதையும் அன்றே போடச் சொல்லுங்கள். ஓப்பன்வெல் மோட்டார் ஓடும் கிணற்றில் பிள்ளைகள் குதித்துக் குளிப்பது கிராமங்களில் வழக்கம். ஆள் இறங்கும்போது ஸ்விட்ச் மட்டும் அல்ல, ஃபியூஸ் கட்டையையே பிடுங்கிப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும்.